நாற்பத்தாறாம் எண்

ரூவியில், ஹம்ரியா பக்கம் ஒரு பின்சந்து லாண்டரி.
முப்பத்து மூன்று வருஷமாகப்
பிறர் சட்டைப் பைகளில் கைவிட்டுச் சம்பாதிக்கிறேன்.
ஊரில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருக்கிறது.

துவைக்குமுன் பை பார்க்க வேண்டும்.
பேனா கசிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
எண்பத்தாறில் கிடைத்தவை:
நான்காய் மடித்து வியர்வையில் நைந்த சினிமாக்காரி படம்,
தாயத்து,
யாரோ திரும்பத் திரும்பத் தொட்டு
ஒரு வரி மட்டும் மை கரைந்த கடிதம்.
பெண்களின் உள்ளாடை வரவே வராது.
வந்தால் தலையணை உறைக்குள்,
முடிச்சுக்கு மேல் முடிச்சு.
வேறெங்கோ பார்த்தபடி அவிழ்ப்போம்.

அந்தக் காலத்தில்தான் நாற்பத்தாறாம் எண் வந்தது.
கிரேன் ஓட்டுகிற ஜெபமணி,
டைல்ஸ் கடைக் கணக்கர் கமாலுதீன்.
இரண்டு ஆள், ஒரு மூட்டை.
காலரின் உட்புறம் அழியா மையில் ஒரே எண்.
ஒருவர் சட்டையை மற்றவர் போட்டு வருவார்,
வயிற்றில் பித்தான் இழுத்துக்கொண்டு நிற்கும்.
விரல் கோத்து மத்ரா வரை நடப்பார்கள்.
அந்தச் சாலையில் பட்டாணியரும் கோத்துத்தான் நடந்தார்கள்.
கூட்டாளிகள் என்றோம்.
அந்தச் சொல்லுக்குள் நல்ல இடம் இருந்தது,
இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கிற அளவு.

பிறகு டிஷ் ஆன்டெனா.
மெடிக்கலில் ரத்தம் எடுக்கும் அறைச் சுவரில்
புது நோயின் பெயர்.
படத்தில் இடுப்பை ஒடித்து நடந்தவனைப் பார்த்துச்
சிரிக்கக் கற்றுக்கொண்டோம்.
சிரிப்புதான் முதலில் வந்தது.
சொல் அப்புறம்,
ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணி வரிசையில்.
யார் வாயிலிருந்து என்று நினைவில்லை.
என் வாயாகவும் இருக்கலாம்.

தொண்ணூற்றாறு, ரமலானுக்கு முந்தைய வாரம்
மூட்டையை வாங்கிக்கொண்டு சொன்னேன்:
“அண்ணே, ஆளுக்கொரு நம்பர் போட்டுடலாமா?
கணக்குக்கு லேசு.”
ஜெபமணி தராசைப் பார்த்தார்.
கமாலுதீன் “போடு” என்றார்.
கமாலுதீனுக்கு நாற்பத்தாறு.
ஜெபமணிக்கு நூற்றுப் பன்னிரண்டு.
அதன்பின் மத்ரா சாலையில்
முன்னால் ஒருவர்,
பத்தடி தள்ளி ஒருவர்.
கணக்கு ஒன்றும் லேசாகவில்லை.

என் கணக்கும் இருக்கிறது.
எண்பத்தொன்பதில் வேதவல்லி எழுதினாள்:
மழை, பால்காரன் பாக்கி, மாமாவின் மூலவியாதி,
கடைசியில் பொடி எழுத்தில்,
ராத்திரியில ஒடம்பு ஒங்களத் தேடுது.
இப்படியெல்லாம் எழுத யார் கற்றுக்கொடுத்தது
என்று பதில் போட்டேன்.
அதற்கப்புறம் முப்பது வருஷம்
எனக்கு மழையும் பாக்கியும்தான் வந்தன.

இப்போது பைகளில்
மாத்திரை அட்டை, ஆணுறை, ஹோட்டல் கதவு அட்டை.
ஆபீஸ் பெண்கள் லேஸ் வைத்ததையெல்லாம்
கவுண்டரில் கொட்டி
“வெதுவெதுன்னு தண்ணி போதும், ட்ரையர் வேணாம்” என்கிறார்கள்.
காது சிவப்பது எனக்குத்தான்.

போன செப்டம்பரில்
இஸ்திரி போடும் தினகர் போனை உரக்கப் படித்தான்:
டெல்லியில் தீர்ப்பாம்,
இனிமேல் அது குற்றமில்லையாம்.
“அங்கே” என்றார் முதலாளி.
கதவைச் சாத்தச் சொன்னார், ஏசி வீணாகிறதென்று.

இரண்டு நாள் கழித்துக் கமாலுதீன்.
தாடி முழுக்க வெள்ளை.
ஜெபமணி ஊருக்குப் போய்,
அங்கிருந்தும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.
ஒரே ஒரு சட்டை கொண்டுவந்திருந்தார்,
நீலக் கோடு,
பித்தான் இழுபட்ட இடத்தில் நூல் வேறு நிறம்.
காலரைத் திருப்பினேன்.
நூற்றுப் பன்னிரண்டு. என் கையெழுத்து.

“எந்த நம்பர்ல போடட்டும்ணே?”
கமாலுதீன் என்னைப் பார்த்தார்.
பின்னால் ஒரு கஸ்டமர் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தான்.
நாற்பத்தாறு என்று எழுதினேன்.

இருநூறு பைசா.
வாங்கவில்லை என்று சொல்ல ஆசை.
முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.
வாங்கினேன்.