ரவுண்டானாவின் மேல்

'அடுத்த ரவுண்டானாவில் இடப்பக்கம் திரும்பு'
என்கிறது திரை.
அது எங்கள் படகுக்கடியில்
இரண்டாள் ஆழத்தில் கிடக்கிறது.
கிளைவ் சிரிக்கிறான், இருந்தாலும் திரும்புகிறான்.

லிஸ்மோரில் இன்னும் விடியவில்லை.
மழைத்துளியை விரலென்று நம்பி
தானாகப் பெரிதாகிறது வரைபடம்.
துடைக்கிறேன், சுருக்குகிறேன், மறுபடி துடைக்கிறேன்.
அழைத்தவர் ஒவ்வொருவரும் ஒரு சிவப்புப் புள்ளி,
ஏற்றிக்கொண்டால் பச்சை.
பதினொன்று பச்சையாகிவிட்டது.

பன்னிரண்டாவதன் மேல்
மிகச் சரியாக வந்து நிற்கிறோம்.
யாருமில்லை.
துடுப்பில் இடிக்கிறது
மூழ்கிய காரொன்றின் கூரை.
போன் கடைசியாகப் பேசிய இடம் இதுதான்.
வரைபடம் பொய் சொல்லவில்லை.

தெருவிளக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு
எஞ்சினை அணைத்தான் கிளைவ்.
மழை.
எங்கோ ஒரு தவளை.
பிறகு
தகரத்தில் மூன்று அடி,
கொஞ்சம் விட்டு இன்னும் மூன்று.

டயர் கடைக் கூரைமேல் மாரீன் ஹால்பின்,
ஒரு காலில் செருப்பு,
மற்றது கையில்.
அடிப்பதை நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு,
படகில் உட்கார்ந்த பிறகும்
விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

புள்ளியை விரலால் இழுத்து
எண்பது மீட்டர் தள்ளிக்
கூரையில் வைத்தேன்.
அதற்குப் பிறகுதான் பச்சை.

'என் போன்?' என்றாள்.
கிளைவ் தண்ணீரைப் பார்த்தான்.