எடைமேடைக் கிராணி

பஹாவ் ஆலையில் பதினாறு வருடம்
செம்பனை லாரிகளை நிறுத்தேன்.
குலையோடு ஒரு சீட்டு, காலியாக ஒரு சீட்டு;
கழித்து வந்ததெல்லாம் பிறர் காசு.

சேமநிதியின் இரண்டாம் கணக்கைத் துடைத்துக்
கட்டணம் கட்டினேன்.
முதல் நாள் நுழைந்ததும்
பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்,
விரிவுரையாளர் என்று.
கடைசி வரிசைக்கு நடக்க வெகுநேரம் ஆனது.

"எண்ணிக்கை இங்கே பூஜ்யத்தில் தொடங்கும்."
பத்தொன்பது வயதுகள் முகம் சுளித்தன.
எனக்கா புதிது?
பூஜ்யம் காட்டாத மேடையில்
ஒரு லாரியையும் ஏற்றியதில்லை நான்.

இரவு இரண்டு.
பதினேழாம் வரியில் பிழை என்கிறது திரை.
ஷிப்ட் முடிந்து வந்த தயாளன்,
சட்டையில் ஆலை வாசத்தோடு,
மைலோ கலக்கி வைக்கிறான்
எதுவும் கேட்காமல்.

பதினேழைப் பத்துமுறை படித்துவிட்டேன்.
அது சரியாகத்தான் இருக்கிறது.
அரைப்புள்ளி விட்டுப்போனது
பதினாறில்.