திரும்பிய ச

சில்லறைக்குப் பஞ்சம் வந்த அந்த மார்கழியில்
ஆஸ்பத்திரி வாசல் முழுக்க இரண்டு ரூபாய்த் தாள்.
டீ ஒண்ணரை. மீதி எட்டணாவுக்கு
நான் எங்கே போவேன்?
மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன்.
சர்க்கரை வியாதிக்காரர்கள் திட்டினார்கள்.

காட்பாடி லேத்துப் பட்டறையில் முனாஃப் பாயிடம்
பித்தளைத் தகட்டில் ஐந்நூறு வில்லை வெட்டச் சொன்னேன்.
சம்பங்கி டீக்கடை என்று பொறிக்க இடமுமில்லை, காசுமில்லை.
ஒரே ஒரு ச.
அச்சில் எழுத்தை மாற்றி வெட்ட வேண்டும் என்பது
பாய்க்கு மறந்துபோனது.
ஐந்நூறிலும் ச இடவலம் புரண்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.
"திருப்பி வாங்கத்தானே போறே,
திரும்பியே இருக்கட்டும்" என்றார்.

பத்தே நாளில் அது என் கடையைத் தாண்டிப் போனது.
பூக்காரி நவநீதம் வாங்கினாள்.
சைக்கிள் ஸ்டாண்டில் செல்லுபடியானது.
பாகாயம் பஸ் கண்டக்டர் மட்டும்
முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார்.
மால்டாவிலிருந்து வந்த நித்தாய்
அண்ணன் ஆபரேஷன் முடிவதற்குள் இருபது சேர்த்துவிட்டான்,
வேலூர்க் காசு இதுதான் என்று நினைத்து.

ஒருநாள் முனைக்கோயில் தர்மகர்த்தா,
துண்டு முனையில் முடிச்சோடு.
உண்டியலில் விழுந்தவை நாற்பத்து மூன்று.
"அம்மன் டீ குடிக்க மாட்டா, காசாக் குடு."
இருபத்தொன்றரை ரூபாய்.
கொடுத்தேன், கும்பிடவில்லை.

அன்றிரவு கல்லாவைக் கவிழ்த்தபோதுதான் கண்ணில் பட்டது:
ஒன்பது வில்லைகளில் ச நேராக இருந்தது.
விளிம்பு வழவழப்பு. அரம் பிடித்த வேலை.
கள்ளக்காசுக்காரனுக்கு
என் பிழையைப் பொறுக்க முடியவில்லை.
முனாஃப் பாய் உருட்டிப் பார்த்தார்:
"இதை ராவ எட்டணாவுக்கு மேலே ஆகும்.
எவனோ நஷ்டத்துக்கு டீ குடிக்கிறான்."

தை மாதத்தில் பத்தாவது வந்தது.
பாகாயம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்.
உள்ளங்கையில் தையல் தடம், நகத்தில் பித்தளைத் தூள்,
கட்டைவிரலும் ஆள்காட்டியும்
ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.
வில்லை நழுவி உருண்டது.
பின்னாலிருந்தவன் குனியப் போனான்,
வேண்டாம் என்று தலையசைத்தார்.
அவரே எடுக்கும்வரை வரிசை நின்றது.
நான் பாலை இன்னும் இரண்டு ஆற்று ஆற்றினேன்.

சில்லறை வந்துவிட்டது. பங்குனிக்குள் மாற்றிக்கொள்ளவும் என்று
அட்டை எழுதி மாட்டினேன்.
நானூற்று அறுபத்தொன்று வந்து சேர்ந்தன.
நேரானவற்றைத் தனியே வைத்தேன், அவை பதினேழு.
மிச்ச முப்பத்தொன்பதை
நோட்டில் வரவேண்டியது என்று எழுதி
அடித்துவிட்டு,
கொடுக்கவேண்டியது என்று எழுதினேன்.