யாரு வந்திருக்கே

கொள்ளிடக் கரையில் ஒரு கொல்லைக் கோயில்.
உடுக்கைக் கயிற்றை நான் இறுக்கியதும்
வேம்பையனுக்குத் தோள் நடுங்கும்.
அடுத்து அவர் தங்கச்சி தைலம்மைக்கு.
போன வருஷம்
புதிதாய் கண்டக்டரான பையனுக்குக்கூட வந்தது.
"யாரு வந்திருக்கே?" என்று கேட்பது நான்.
இருபத்தாறு வருஷமாய் எனக்கு வந்ததில்லை.
வந்தால் அடி தப்பும்.

பகலில் கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைக்கிறேன்.
ஈரம் பதினேழுக்கு மேல் என்று தள்ளிவிட்ட
குறுவை நெல்மேல்
ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அழாமல்.
கோணூசி சணலுக்குள் இறங்கும்போது
ஒரு வரி வந்தது.
தாள் இல்லை. தைத்த சாக்கிலேயே
கரிக்கட்டையால் எழுதினேன்.
டீ குடித்துவிட்டு வருவதற்குள்
லாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ராத்திரி அழைப்பில் அந்த வரியைத் தேடினேன்.
"காயாத நெல்லுக்கும்..."
அதற்குமேல் இல்லை.
சொல் இருந்த இடத்தில்
வெறும் உடுக்கையை அடித்தேன்,
திரும்பத் திரும்ப.

தைலம்மை ஆட்டத்தை நிறுத்தினாள்.
மஞ்சத்தண்ணி வழிகிற முகத்தோடு
என் கிட்டே வந்து நின்று
"யாரு வந்திருக்கே?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தால்
கை நின்றுவிடும்.
அடித்துக்கொண்டே இருந்தேன்.