எந்த ஒயர்

பேர்ணாம்பட்டு இம்தியாஸ் பாய் வீட்டில்
கேபிள் மட்டும் நாற்பத்தி இரண்டாயிரம்.
நல்ல பாம்புத் தடிமன், மேலே வலைச்சட்டை,
சத்தம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று
அம்புக்குறி வேறு.

என் பையில் இருந்தது
குடியாத்தம் பஜாரில் வாங்கிய சிவப்பு கறுப்பு,
மீட்டர் பதினெட்டு ரூபாய்.
மைக் செட்காரன் சோறு தின்பது அதில்தான்.

"மாத்தி மாத்திப் போடு தணிகாசலம்,
கண்ண மூடிக்கினே சொல்றேன்."
ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா என்று
இருட்டில் தடவியே சொல்லும் விரல் அவருக்கு.
காதும் அப்படித்தான் என்பார்.

சோபாவுக்குப் பின்னால் மண்டி போட்டேன்.
வெயில் நூற்றி எட்டு.
ஃபேனை நிறுத்தியாயிற்று, இசைக்கு இடைஞ்சலாம்.

முதல் தடவை என் ஒயர்.
"ஆகா, வீணைத் தந்தி கண்ணுக்குத் தெரியுதுபா."
அடுத்தது அவருடையது.
"இது தகரம்."
மூன்றாவதில் எதையும் கழற்றவில்லை,
ஸ்க்ரூடிரைவரைத் தரையில் தட்டினேன், அவ்வளவுதான்.
"மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்!"

சிரிப்பை விழுங்கிக்கொண்டு
இன்னும் இரண்டு தரம் மாற்றினேனா, மூன்றா,
நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிய நேரம்
பாடுவதற்கு முன்னால் அந்தப் பெண்
மூச்சு இழுத்தது கேட்டது.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு,
இருபது வருஷமாய் நான் போட்ட அதே பாட்டு.
மூச்சு கேட்டதில்லை.

குனிந்திருந்தால் எந்த ஒயர் என்று தெரிந்திருக்கும்.
குனியவில்லை.

"இன்னா சொல்றே?" என்றார், கண் திறக்காமல்.
"ஃபேனப் போடுங்க பாய்" என்றேன்.