பதினேழு புள்ளி மூன்று

விலாவுக்கும் விலாவுக்கும் இடையில்
குளிர்ந்த பசை தடவி
என்னைச் சுண்டுகிறது ஒரு கருவி.
தர்பூசணி வாங்குகிறவன் தட்டிப் பார்ப்பானே, அப்படி.
பத்துத் தரம்.
மூச்சை அடக்காதீர்கள், இன்ஷிரா அம்மா,
என்கிறாள் டாக்டர் ரஷா.

திரையில் பதினேழு புள்ளி மூன்று.
சென்ற முறை இருபத்திரண்டு.
முதன்முதலில் முப்பத்தொன்று.
இளகிக்கொண்டிருக்கிறது, என்கிறாள்.
கல்லீரலில் கல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று
இந்த மன்சூரா ஆஸ்பத்திரியில்
எண்ணாகவே சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு ஏழு வயது. பயூமிக்கு ஒன்பது.
பகலெல்லாம் கால்வாயில் கிடந்த பிள்ளைகளுக்கு
மூத்திரம் சிவந்துபோன வருஷம்.
பள்ளி முற்றத்தில் வரிசை.
ஸ்பிரிட் அடுப்பில் கொதித்த கண்ணாடி ஊசி.
வரிசை நீண்டபோது கொதிக்காத ஊசி.
நான் அழுதேன்.
அண்ணன் சட்டைக்கையைச் சுருட்டி
'முதலில் நான்' என்றான்.
'எறும்பு கடிக்கிற மாதிரிதான்'
என்று திரும்பி ஒரு பொய்யும் சொன்னான்.
அதே ஊசி
பஞ்சால் துடைத்து
எனக்கு.

அவனிடமிருந்து எனக்கு வந்ததா,
அவனுக்கு முன்னால் நின்ற மூக்கொழுகிப் பையனிடமிருந்து
எங்கள் இருவருக்குமா,
அல்லது வேறு வாரம், வேறு வரிசையா.
யாருக்கும் தெரியாது.
ஊசி போட்டவர் நல்ல மனிதர்.
ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.
யார்மேல் கோபப்பட என்று தெரியாமல்
பல நாள் தையல் மெஷினை
வேகமாக மிதித்திருக்கிறேன்.

முப்பது வருஷம் வாய் திறக்கவில்லை அது.
கல்யாணம், மூன்று பிள்ளைகள், தல்காவில் சின்னக் கடை.
பிறகு பயூமியின் வயிறு
நிறைமாதமாக உப்பியது.
நீர் இறக்கும்போது
வாளியைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பான்.
ஒரு நோன்பு மாதத்தின் கடைசி வாரம்,
விடியலுக்கு முன்,
அத்தனை ரத்தம்.
என் ஈரக்குலை நடுங்கியது
அவனுக்காகவா எனக்காகவா என்று
இன்றுவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மாத்திரை வந்தது ஐந்து வருஷம் கழித்து.

எண்பத்து நான்கு நாள்.
காகிதத்தில் 'கிருமி இல்லை' என்று வந்தது.
பக்கத்து வீட்டார் சர்பத் கரைத்தார்கள்.
கிருமி போய்விட்டது, ஆனால் வடுவுக்கு
அதை யாரும் இன்னும் சொல்லவில்லை,
என்றாள் டாக்டர் ரஷா.

கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன்.
அந்தக் குழி மேலெழுவதற்குள் முன்பெல்லாம்
ஒரு ரக்அத் தொழுதுவிடலாம்.
ஐந்துமுனை நட்சத்திரம் வரையச் சொல்வார்கள்.
போன வருஷம் நான் வரைந்தது
மிதிபட்ட சிலந்தி.
இப்போது முனைகள் சேர்கின்றன, கொஞ்சம் கோணலாக.
நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான்,
கை உதறுவதில்லை.
வசந்தத் திருநாளில் தெருவே உப்புமீன் நாறும்.
எனக்கு உப்பு ஆகாது.
ஜன்னலைத் திறந்துவைத்து
வாசனையைத் தின்பேன்.

பிழைத்துவிட்டாய் என்கிறார்கள்.
ஆறு மாதத்துக்கொரு முறை
இருட்டறையில் படம் பிடித்து
முளை ஏதும் இல்லையே என்று பார்க்கிறவளை
அப்படிச் சொல்லலாமா தெரியவில்லை.
மூத்தவன் போனபின்
அந்தச் சொல்லுக்கு
என் வாய் கூசுகிறது.

இன்று வராந்தாவில் ஒரு லாரி டிரைவர்,
தூண் மாதிரி ஆள்,
உள்ளங்கை இரண்டும் என்னுடையவை போலவே சிவந்து.
தொண்டைவழி குழாய் விட்டு
நரம்புக்கு ரப்பர் வளையம் போடப்போகிறார்கள் அவருக்கு.
வலிக்குமா அம்மா என்றார்.
எறும்பு என்று சொல்ல வந்தது.
சொல்லவில்லை.
'குமட்டும். கண்ணில் தண்ணீர் கொட்டும்.
நாலு தரம் போட்டிருக்கிறார்கள் எனக்கு' என்றேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு
எழுந்து உள்ளே போனார்.

பாலம் கடந்து வீடு.
காகிதத்தை நாலாய் மடித்து
ஊசிப்பெட்டிக்குள் வைத்தேன்.
பயூமி மகளின் கல்யாண உடுப்பு மேஜையில் கிடக்கிறது.
வியாழனுக்குள் கொடுக்க வேண்டும்.
அடிமடிப்பு இன்னும் நாலு முழம்.