குறியீட்டுப் பக்கம் 284

பச்சைத் திரைகளை ஜூன் கடைசியில் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.
ஏழு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம்.
புந்தா அரேனாஸ் துறைமுக ஓய்வூதிய அலுவலகத்தில்
இப்போது ஏழு மெல்லிய கணினிகள்,
அவற்றுக்குள்
பழைய திரையைப் போல நடிக்கத் தெரிந்த ஒரு மென்பொருள்.

நடிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.
இருபத்து நான்கு வரி, எண்பது நிரல்.
வலது கன்ட்ரோல்தான் இனி என்டர்;
என்டர் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போ.
பதினெட்டு வருடப் பழக்கத்தை
நோர்மாவின் சுண்டுவிரலிடமிருந்து
பிடுங்க நான் யார்?
கருவியின் பெயர். போர்ட் எண்.
கர்சர் சிமிட்ட வேண்டுமா?
வேண்டாம், கண் வலிக்கும் என்றாள்.

கீழ்த்தளத்தில் அந்தப் பெரிய இயந்திரத்துக்கு
நாங்கள் ஆளை மாற்றியது தெரியாது.
கேட்டால் பதில் சொல்லும்,
கேட்காத நேரத்தில் இரைந்துகொண்டிருக்கும்.

குறியீட்டுப் பக்கம் என்று ஒரு கட்டம்.
37 என்று தானாகவே நிரம்பியிருந்தது.
வடக்கிலிருந்து இங்கே வந்து சேரும் பலவற்றைப் போல
அதையும் கேள்வி கேட்காமல் விட்டேன்.

பத்தொன்பதாம் நாள்,
தெருமுனைக் கயிற்றைப் பிடித்துத்தான் நடக்கவிட்டது காற்று.
எலெயுத்தேரியோ ஞாங்குலெஃப் வந்தார்.
தொப்பியைக் கழற்றாமல் சொன்னார்:
"நான் செத்துவிட்டேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்.
உயிர்ச் சான்று கொடுத்து இரண்டு வாரம்."

அந்தப் பழைய தேடல் பெயரை மட்டும்தான் கேட்கும்.
நோர்மா தட்டினாள்.
தலையில் சின்ன அலையோடு அந்த முதல் எழுத்து,
பின்னால் மற்றவை,
திரையில் எல்லாம் ஒழுங்காகவே விழுந்தன.
அப்படி ஒருவர் இல்லை என்றது இயந்திரம்.

பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம்.
பெத்ரோக்களுக்கும் ரெபெக்காக்களுக்கும் தொலைவில்
யாரும் போகாத ஓரத்தில் இருந்தார்:
#ஆங்குலெஃப்.

மேசைக்கு இந்தப் பக்கம் சாய்ந்து அவரும் பார்த்தார்.
"என் பெயரில் ஒரு பருந்து உண்டு. ஓடும் பருந்து.
எங்கள் மாப்புச்சே மொழியில்.
அதை ஏன் கூண்டில் போட்டீர்கள்?"
கோபம் இல்லை. உண்மையாகவே காரணம் கேட்டார்.

நாங்கள் ஒன்றை அனுப்ப
அது வேறொன்றாக வாங்கியிருக்கிறது;
போகும்போது ஒரு பொய்,
வரும்போது அதே பொய் திரும்பி.
37ஐ அழித்தேன். 284.
துண்டித்தேன், இணைத்தேன்.
ஞாங்குலெஃப் வந்தார், உயிரோடு.
நோர்மா கைதட்டினாள்.

ஆறு மணிக்கு முன்பே இருட்டு.
விளக்கணைக்கப் போன கை நின்றது:
இந்தப் பத்தொன்பது நாளும்
இங்கே ஞ அடித்தவர்கள் எதை அடித்தார்கள்?

பதினோரு பேர்.
தவறில் சரியாகத் தெரிந்துகொண்டிருந்தவர்கள்.
நான் திருத்திய நொடியில் கம்பிக்குப் பின்னால் போனவர்கள்.
பெகோஞா சால்திவியா,
ஜூலை நான்காம் தேதி விதவை என்று பதிவானவள்,
இப்போது பெயரின் நடுவில் ஒரு ஜன்னலோடு.

இதற்கு மென்பொருளில் பொத்தான் கிடையாது.
ஒவ்வொருவராகத் திறந்தேன்,
ஓரெழுத்தை அழித்தேன், ஓரெழுத்தை எழுதினேன்.
ஹீட்டர் எட்டு மணிக்கு நின்றது. கோட்டை மாட்டிக்கொண்டேன்.

என் பெயர் யாஸ்னா குசனோவிச்.
கடைசி எழுத்தின் மேல் இருந்த சிறு கோட்டை
யாரோ ஒரு கப்பல் சீட்டிலேயே விட்டுவிட்டார்கள்.
870 என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் அந்தக் கோடு உண்டு.
அன்றிரவு, பார்ப்போமே என்று பார்த்தேன்.
அதில் ஞ இல்லை.
ரத்து செய் என்பதை அழுத்தினேன்.

மறுநாள் எலெயுத்தேரியோ ரசீதை வாங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
முதல் எழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.
நான்காக மடித்தார்.
"தாமதத்துக்கு வட்டி?"

நோர்மா திரையைப் பார்த்தாள்.
இருபத்து நான்கு வரி, எண்பது நிரல்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.